ரமணரின் இடது கை
ரமணாசிரமம், திருவண்ணாமலை

முழங்கையருகே சிறு கட்டிதான். 1949 பிப்ரவரியில் ஆசிரம மருத்துவர்கள் வெட்டி எடுத்தார்கள். சில வாரங்களில் மீண்டும் முளைத்தது. மார்ச்சில் மறுபடியும் அறுவை. சதைத் துணுக்கைச் சோதித்ததில் தெரிந்தது 'சர்கோமா': தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் தோன்றும் புற்றுநோய். ஓரத்தில் சில செல்கள் தங்கினாலும் திரும்ப வளரக்கூடும். இன்றானால் கத்தி வைக்குமுன்பே எம்.ஆர்.ஐ. எடுத்து, ஊசியால் திசு எடுத்துப் பார்ப்பார்கள்.

அன்று கதிர்வீச்சுக்காக ரேடியம் வைத்தார்கள். கையையே எடுத்துவிடலாம் என்றார்கள், பகவான் ரமணர் இசையவில்லை. ஆகஸ்டிலும் டிசம்பரிலும் மேலும் இரண்டு அறுவைகள். பச்சிலை, ஹோமியோபதி எதுவும் பலிக்கவில்லை. தரிசனம் மட்டும் நிற்கவே இல்லை. 1950 ஏப்ரல் 14 இரவு, ஆசிரமத்தின் சின்ன அறையொன்றில் மூச்சு அடங்கியது.