வேய்லி இல்லத்து ஆவிகள்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சான்டியாகோ நகரின் ஓல்ட் டவுன் பகுதியில் இருக்கிறது வேய்லி இல்லம். 1857-இல் செங்கல்லால் கட்டி முடித்த மாடி வீடு இது. 1960 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. பேய் வீடு என்று பேர் எடுத்த கட்டடங்கள் அந்த நாட்டில் நிறையவே உண்டு. ஆனால் இங்கே உலவுவதாகச் சொல்லப்படும் ஆவிகளில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் ஊரறிய வாழ்ந்தவர்களுடையவை. அவர்களுடைய பெயர்கள் பழைய பதிவுகளில் இருக்கின்றன.

எல்லாருக்கும் மூத்த ஆவி, ‘யாங்கி ஜிம்’ என்று அழைக்கப்பட்ட ஜேம்ஸ் ராபின்சனுடையது. ஆள் நல்ல உயரம். 1852-இல் படகு ஒன்றைத் திருடிய வழக்கில் பிடிபட்டார். அதற்குத் தூக்குத் தண்டனை! வீடு இருக்கும் இடம் அப்போது வெட்டவெளி. அங்கே அவரை ஒரு வண்டியின் மேல் நிற்க வைத்து, கழுத்தில் சுருக்கை மாட்டி, வண்டியை நகர்த்திவிட்டார்கள். வேடிக்கை பார்த்த கூட்டத்தில் தாமஸ் வேய்லி என்ற வணிகரும் இருந்தார். அத்தனையையும் பார்த்தவர், 1855-இல் அதே மனையை வாங்கி வீடு கட்டினார். குடியேறிய கொஞ்ச காலத்திலேயே, கனத்த பூட்ஸ் அணிந்த ஆள் நடப்பதுபோன்ற காலடிச் சத்தம் கேட்கத் தொடங்கியதாம். அது யாங்கி ஜிம்தான் என்று குடும்பத்தாரே சொல்லிக்கொண்டார்கள். ஆகவே இந்தக் கதையை நுழைவுச்சீட்டு விற்பதற்காகப் பின்னால் கட்டிவிட்டது என்று தள்ளிவிட முடியாது.

நியூயார்க்கில் பிறந்த வேய்லி, 1849-இல் தங்க வேட்டைக் காலத்தில் கலிஃபோர்னியாவுக்கு வந்தவர். தம் சொந்தச் சூளையில் சுட்ட செங்கல்லைக் கொண்டு, 10,000 டாலருக்கு மேல் செலவிட்டு இந்த வீட்டைக் கட்டினார். இதிலேயே கடை நடந்தது; 1868-இல் ஒரு நாடகக் குழு மாடியில் அரங்கு அமைத்தது; அடுத்த ஆண்டு மாவட்ட நீதிமன்றமும் வாடகைக்கு வந்து சேர்ந்தது. 1871 மார்ச்சில் வேய்லி வெளியூர் போயிருந்த ஓர் இரவில், ஓல்ட் டவுனுக்குப் போட்டியாக எழுந்த புதிய நகரப் பகுதியின் ஆட்கள் ஆயுதங்களோடு நுழைந்து நீதிமன்ற ஆவணங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். வீட்டில் அப்போது அவருடைய மனைவி அன்னாவும் பிள்ளைகளும்தான் இருந்தார்கள். பேயாகத் திரும்பி வர வேய்லிக்கு வேறு காரணமே வேண்டாம்.

துயரமும் இந்த வீட்டுக்குப் புதிதல்ல. 1858 ஜனவரியில், 18 மாதக் கைக்குழந்தையாக இருந்த மகன் தாமஸ், ஸ்கார்லெட் காய்ச்சலில் இறந்தான். மகள் வயலெட்டின் மணவாழ்க்கை தொடங்கிய வேகத்திலேயே முறிந்தது. மணமுறிவை ஊர் ஏளனமாகப் பார்த்த காலம் அது. 1885 ஆகஸ்டில், 22 வயதில், அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். குழந்தையின் அழுகுரலும் மாடியில் ஒரு பெண்ணின் நடமாட்டமும் இவ்விருவருடையவை என்பது பார்வையாளர் பேச்சு. தந்தை தாமஸின் சுருட்டு வாசனை, அன்னாவின் வாசனைத் திரவியம், ஏன், வளர்ப்பு நாய் வரைக்கும் கதை உண்டு.

கடைசி மகள் லில்லியன் 1953 வரை வாழ்ந்தார். இடிக்கப்படவிருந்த வீட்டை 1956-இல் மாவட்ட நிர்வாகம் வாங்கிச் சீரமைத்தது. 1964-இல் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ரெஜிஸ் ஃபில்பின் இங்கே இரவில் காத்திருந்து, சுவரில் ஏதோ அசைவதைக் கண்டதாகச் சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்தபோது அங்கே இருந்தது அன்னாவின் படம்தான்.

யாங்கி ஜிம் தொங்கிய இடத்தில்தான் இப்போது இரண்டு கூடங்களுக்கு நடுவே உள்ள வளைவு இருக்கிறது என்று சொல்வார்கள். அதன் அடியில் நிற்கும்போது கழுத்தை ஏதோ இறுக்குவதாகச் சிலர் சொல்கிறார்கள். கதையைக் கேட்டுவிட்டு நிற்பவருக்குக் கழுத்தின் மேல் கவனம் போகாமல் இருந்தால்தான் வியப்பு. இத்தனைக்கும் நடுவே, துணி உலர்த்தும் கொடியில் கழுத்து சிக்கி இறந்த சிறுமி ஒருத்தியின் ஆவியும் பேசப்படுகிறது. அப்படி ஒரு சாவு இந்த வீட்டில் நடந்ததாக எந்தப் பதிவும் இல்லை.