புதுக் குழலைப் பழக்க எத்தனை தோட்டா?

தோட்டப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் எடுத்தவரானாலும் சரி, ரைபிள் கிளப்பில் சேர்ந்தவரானாலும் சரி, புதுத் துப்பாக்கி கைக்கு வந்ததும் விவரம் தெரிந்த யாராவது ஒருவர் வந்து சொல்வார்: "பேரலைப் பழக்காம சுடாதீங்க, குறி நிக்காது." ஒரு வெடி வைத்துத் துடை, அடுத்த வெடி வைத்துத் துடை, இப்படி ஐம்பது தோட்டா போக வேண்டும் என்பார். தோட்டா விற்கிற விலையில், அதுவும் வாங்குகிற ஒவ்வொன்றும் லைசென்ஸ் புத்தகத்தில் ஏறுகிற நாட்டில், ஐம்பது தோட்டா சின்ன விஷயமில்லை. அத்தனை தேவையுமில்லை.

முதலில், உங்களிடம் இருப்பது எது என்று பாருங்கள். குமரி மாவட்டத்தில் வீடுகளில் இருக்கும் பழைய லைசென்ஸ் துப்பாக்கிகளில் 12 போர் உண்டு. அதன் குழலுக்குள் புரி கிடையாது, வழுவழுப்பான குழாய்தான். பழக்க ஒன்றுமே இல்லை. எண்ணெயைத் துடைத்துவிட்டு வைத்துக்கொள்ளலாம். .22 ரைபிளில் பெரும்பாலும் வெறும் ஈயக் குண்டு, வேகமும் குறைவு. அதற்கும் பெரிய சடங்கு வேண்டாம். பழக்குவதைப் பற்றி யோசிக்க வேண்டியது உறை போட்ட குண்டு சுடும் ரைபிளுக்குத்தான். நம் நாட்டில் அது பெரும்பாலும் .315, இசாப்பூர் ரைபிள் தொழிற்சாலை செய்து விற்பது. .303 ராணுவக் குண்டைப் பொதுமக்கள் வைத்திருக்கக் கூடாது என்று வெள்ளைக்காரன் தடுத்ததால் வழக்கத்துக்கு வந்த அளவு அது. இன்றும் .303 தடை செய்யப்பட்ட ரகம்தான்.

குழலுக்குள் என்ன நடக்கிறது? எஃகுக் கம்பியைத் துளைத்து, துளையை நேராக்கி, பிறகு சுற்றிச் சுற்றி ஓடும் புரியை இழைக்கிறார்கள். கடைசியாகத் தோட்டா உட்காரும் அறையை ஒரு ரீமர் விட்டுக் குடைவார்கள். அந்த ரீமர் சுழன்று வெட்டுவதால், அறை முடிந்து புரி தொடங்கும் கழுத்தில் மெல்லிய கீறல்கள் குறுக்காக விழுந்திருக்கும். குண்டு பாயும் திசைக்குக் குறுக்கே என்பதுதான் இதில் முக்கியம். குண்டின் செம்பு உறையை அந்தக் கீறல்கள் அரம்போல் சுரண்டுகின்றன. பின்னாலேயே வரும் கொதிக்கும் வாயு அந்தச் செம்புத் துகளை அள்ளிக்கொண்டு போய்க் குழல் நெடுக அப்பிவிடுகிறது. அதன்மேல் அடுத்த குண்டு போனால் இன்னும் கொஞ்சம் செம்பு ஒட்டும். படிவம் ஏற ஏறக் குறி அலையத் தொடங்கும். சில குண்டுகள் போனதும் கழுத்துக் கீறல் தானாகத் தேய்ந்து வழுவழுப்பாகிவிடும். அதற்குள் செம்பு படிந்து கீறலை மூடிவிடாதபடி இடையிடையே துடைக்கிறோம். பழக்குவது என்றால் இவ்வளவுதான்.

அமெரிக்காவில் பேர்பெற்ற குழல் நிறுவனமான கிரீகர் தன் ஸ்டெயின்லெஸ் குழலுக்குச் சொல்லும் கணக்கு, ஒரு வெடிக்கு ஒரு துடைப்பு என்று 5 முறை, பிறகு 3 வெடி சுட்டு ஒரு துடைப்பு, பிறகு 5 வெடி சுட்டு ஒரு துடைப்பு. மொத்தம் 13 தோட்டா. குரோம்-மாலி எஃகுக் குழலுக்கு இன்னும் கொஞ்சம் கூடும். அவர்களே எண்ணிக்கையைப் பிடித்துத் தொங்காதீர்கள், செம்பு படிவது குறைந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள் என்கிறார்கள். இன்னொரு பக்கம், அதே தொழிலில் பெரிய பெயரான கேல் மக்மில்லன் இதையெல்லாம் நம்பவே இல்லை. சுடுகிற ஒவ்வொரு குண்டும் குழலின் ஆயுளைத்தான் தின்கிறது, பழக்குகிறேன் என்று சுட்டுத் தீர்ப்பதால் லாபம் குழல் விற்கிறவனுக்கே என்பது அவர் கட்சி. எனக்கு இருவர் சொல்வதிலும் நியாயம் தெரிகிறது. நம் பக்கத்துப் பணப்பைக்கு மக்மில்லன் கட்சி கொஞ்சம் கூடுதலாகவே ஒத்துப்போகிறது.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். கடையில் வாங்கும் புது ரைபிள் உண்மையில் சுடாத ரைபிள் இல்லை. தொழிற்சாலையிலேயே வழக்கமானதைவிட அழுத்தம் கூடிய தோட்டாவை வைத்து வெடித்துப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை குத்துவார்கள். புரூஃப் என்பது அது, புதிய வழக்கமும் அல்ல. தக்கலைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் நிற்கும் உதயகிரிக் கோட்டைக்குள், 1741 குளச்சல் போரில் பிடிபட்டு பின்பு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படைக்கே தளபதியான டச்சுக் கம்பெனிப் படைக்காரர் டிலனாய் வார்ப்படச் சாலை வைத்துப் பீரங்கி வார்த்தார். புதுப் பீரங்கியைக் கூடுதல் மருந்து கெட்டித்து வெடித்துப் பார்த்துத்தான் ஏற்பது அக்கால ஐரோப்பியப் படைகளின் வழக்கம். உயிருக்கு உத்தரவாதம் தருவது புரூஃப். பழக்குவது குறியைச் சீராக்க மட்டுமே, அதைச் செய்யாததால் எந்தக் குழலும் வெடிக்காது.

சிக்கனமான வழி இது. பழக்குவதற்கென்று தனியாக ஒரு தோட்டாவும் செலவழிக்காதீர்கள். புது ரைபிளுக்கு எப்படியும் சைட் சரிபார்க்க வேண்டும். அந்த வெடிகளையே பழக்கும் வெடிகளாக்குங்கள். ஒன்று சுட்டு, அட்டையில் எங்கே பட்டது என்று குறித்து, சைட்டைத் திருத்தி, குழலைத் துடைத்து, அடுத்தது. இடையில் குழல் ஆறவும் நேரம் கிடைக்கும். பத்துப் பன்னிரண்டு தோட்டாவில் இரண்டு வேலையும் முடிந்துவிடும். இதைச் செய்ய வேண்டிய இடம் அங்கீகாரம் பெற்ற ரேஞ்ச் மட்டுமே. ரப்பர்த் தோட்டத்திலோ தென்னந்தோப்பிலோ அல்ல. 2019-இல் திருத்திய ஆயுதச் சட்டப்படி, பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அசட்டையாகச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை.

காசு செலவழிக்க வேண்டியது கிளீனிங் ராடுக்கு. மூன்று துண்டாகத் திருகி இணைக்கும் மலிவு ராட் வளைந்து குழலை உரசும். பூச்சு போட்ட ஒற்றைக் கம்பியாக வாங்குங்கள். போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமிருந்தே விடுங்கள். குழல்வாயின் விளிம்பு தேய்ந்தால் குறி போயிற்று, எவ்வளவு பழக்கினாலும் அதை மீட்க முடியாது. துணி வாங்கவே வேண்டாம். துவைத்த பழைய பருத்திப் பனியனைச் சதுரம் சதுரமாக வெட்டினால் போதும்.

செம்பு கரைக்கும் திரவத்தில் நனைத்த துணியை உள்ளே விட்டு, சில நிமிடம் பொறுத்து, காய்ந்த துணியை விட்டு எடுங்கள். மயில்கழுத்து நீலமோ பச்சையோ தெரிந்தால் செம்பு இன்னும் இருக்கிறது. வெடிக்கு வெடி அந்த நிறம் மங்கிக்கொண்டே வரும். அது லேசாகிவிட்டால் பழகிவிட்டது, நிறுத்துங்கள். ராட் முனையில் பித்தளை மாட்டியிருந்தால் திரவம் அந்தப் பித்தளையையே கரைத்து நீலம் காட்டும். இல்லாத செம்பைத் துரத்தி நாள் முழுக்கத் தேய்த்தவர்கள் உண்டு. நைலான் முனை மலிவு, அந்தக் குழப்பமும் இல்லை. அம்மோனியா கலந்த திரவத்தை ராத்திரி முழுக்க ஊறவிடாதீர்கள், குழலையே அரிக்கும்.

ஏர் ரைபிள்காரர்களுக்கு இதில் பாதி வேண்டாம். .177 அளவில், 20 ஜூலுக்கு மேற்படாத ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஈயப் பெல்லட் என்பதால் செம்பு கரைக்கும் திரவத்துக்கும் கம்பி பிரஷுக்கும் வேலையே இல்லை. தொழிற்சாலை எண்ணெயைத் துடைத்தால் போதும். குளச்சல், முட்டம் பக்கம் கிடைக்கும் தடித்த தூண்டில் நரம்பை மடித்து, மடிப்பில் துணியைக் கோத்து இழுத்துவிடலாம். ஸ்பிரிங் ரகத்தில் முதல் சில வெடிகளில் புகையும் கருகல் நெடியும் வரும். உள்ளே மிஞ்சிய எண்ணெய் அழுத்தத்தில் எரிவதுதான், தானாக நிற்கும். பெல்லட் போடாமல் வெறுமனே அடித்துப் பார்க்காதீர்கள், பிஸ்டன் போய்விடும். லைசென்ஸ் வேண்டாம் என்பதற்காகத் தேரூர்க் குளத்துப் பறவைகள் குறிபார்க்கும் அட்டையாகிவிடாது. சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் 2022 முதல் ராம்சர் பட்டியலில் இருக்கிறது, பறவையைச் சுட்டால் வனத்துறை வழக்கு.

நம் மாவட்டத்தில் பழக்காமல் கெட்ட குழலைவிடத் துருப்பிடித்துக் கெட்ட குழல்தான் அதிகம் இருக்கும் என்பது என் எண்ணம். தெற்கே கடல், வருஷத்தில் இரண்டு மழைக்காலம். வீட்டில் எப்போதும் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெயைத் தடவாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், நாள்பட்டால் பிசினாகும். தையல் மிஷின் எண்ணெய் விலையும் குறைவு, வேலையும் செய்யும். தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். பல வாரம் உங்கள் கை படாது, ஆகவே குழலுக்குள் கிரீஸ் தடவி, அதை எழுதி ஒரு சீட்டும் கட்டிக் கொடுங்கள். திரும்ப வாங்கி வந்ததும் அந்தக் கிரீஸை முழுக்கத் துடைக்காமல் ஒரு தோட்டாகூட ஏற்றாதீர்கள்.