பெரிய எந்திரம், சின்னக் கம்பி!

ஏரியில் மண் அள்ளுகிறார்கள். சாலைக்குப் பள்ளம் தோண்டுகிறார்கள். புது வீட்டுக்கு அஸ்திவாரம் எடுக்கிறார்கள். எங்கே பார்த்தாலும் அந்த மஞ்சள் நிற எந்திரம் வந்து நிற்கிறது. முன்னால் ஒரு பெரிய பக்கெட். பின்னால் யானைத் துதிக்கை போல நீண்ட கை.

"ஜே.சி.பி. வந்துவிட்டது" என்று சிறுவர்கள் ஓடுவார்கள்.

ஜே.சி.பி. என்பது எந்திரத்தின் பெயர் அல்ல. 1945-ம் ஆண்டு இங்கிலாந்தில் கம்பெனி தொடங்கிய ஜோசப் சிரில் பாம்போர்டு என்பவருடைய பெயரின் முதல் எழுத்துக்கள். இன்று யார் செய்த எந்திரமாக இருந்தாலும் ஊரில் அதற்கு அந்தப் பெயர்தான்!

இந்த எந்திரத்தின் எடை 7 டன்னுக்கு மேல் இருக்கும். அதை ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து ஆட்டி வைக்கிறார். அவர் காலால் மிதிப்பதும் கையால் தள்ளுவதும் எஞ்சினுக்கு எப்படித் தெரிகிறது?

பழைய எந்திரங்கள் பலவற்றில், விரல் பருமன்கூட இல்லாத ஒரு கேபிள்தான் அந்தச் சேதியைக் கொண்டு போகிறது. (புதிய எந்திரங்களில் மின்சார ஒயரும் எண்ணெய்க் குழாயும் அந்த வேலையைச் செய்கின்றன.)

கேபிள் கெட்டால் எந்திரம் நின்றுவிடும். கடன் வாங்கி எந்திரம் வாங்கியவருக்கு அன்றைய வாடகை போய்விடும். தவணை மட்டும் நிற்காது. அதனால்தான் டிரைவர்கள் பலர் தாங்களே ஸ்பானரை எடுத்துக்கொண்டு குனிந்துவிடுகிறார்கள்.

அது நல்ல பழக்கம்தான். ஆனால் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

சைக்கிளில் இருப்பதுதான்

இந்தக் கேபிள் புதிய பொருள் அல்ல. சைக்கிள் பிரேக்கில் இருக்கிறதே, அதே ஜாதி. வெளியே ஒரு உறை. உள்ளே ஒரு கம்பி. உறை அசையாமல் இருக்கும். உள்ளே இருக்கும் கம்பி மட்டும் முன்னும் பின்னும் ஓடும். அதனால் வளைந்து வளைந்து போனாலும் இழுப்பு போய்ச் சேரும். எர்னஸ்ட் பவுடன் என்பவர் 1896-ல் இதற்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார்.

உள்ளே இருப்பது ஒற்றைக் கம்பி அல்ல. பல மெல்லிய கம்பிகளைக் கயிறு போலப் புரி முறுக்கிச் செய்தது. அதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

1834-ம் ஆண்டுக்கு முன்பு சுரங்கங்களில் சணல் கயிறும் இரும்புச் சங்கிலியும்தான் இருந்தன. கயிறு ஈரத்தில் மக்கிப் போகும். சங்கிலியோ ஒரு கண்ணி உடைந்தால் போதும், திடீரென்று அறுந்துவிடும். ஜெர்மனியில் ஹார்ஸ் மலைப் பகுதியில் சுரங்க அதிகாரியாக இருந்த வில்ஹெல்ம் ஆல்பர்ட், இரும்புக் கம்பிகளைக் கயிறாக முறுக்கிப் பார்த்தார். ஒரு கம்பி அறுந்தாலும் மற்றக் கம்பிகள் பாரத்தைத் தாங்கின. அறுந்த கம்பி வெளியே தெரிந்தது. கயிற்றை மாற்ற அவகாசம் கிடைத்தது.

கேபிளும் அப்படித்தான். அறுவதற்கு முன்பு சொல்லிவிடும்!

என்ன சொல்லும்?

முதலில் மிதி கடினமாகும். பிறகு காலை எடுத்த பின்னும் எஞ்சின் உடனே அடங்காது. சிறிது நேரம் உறுமிக்கொண்டே இருக்கும். உள்ளே ஒரு மெல்லிய கம்பி அறுந்து, மீன் முள் போல உறையில் குத்திக்கொண்டால் இப்படி ஆகும். மழைத் தண்ணீர் இறங்கித் துரு பிடித்தாலும் ஆகும்.

இந்த நேரத்தில் சிலர் ஒரு காரியம் செய்கிறார்கள். மிதி திரும்பி வருவதற்காக இன்னொரு ஸ்பிரிங்கைக் கட்டிவிடுகிறார்கள்! அதனால் நோய் போகாது. கம்பிக்குத்தான் இழுப்பு அதிகமாகும். மீதிப் புரிகளும் சீக்கிரம் அறும்.

கம்பியைத் தடவிப் பார்க்கும்போது வெறும் விரலால் தடவாதீர்கள். பழந்துணியால் பிடித்துத் தடவுங்கள். அறுந்த கம்பி இருந்தால் துணியில் மாட்டிக்கொள்ளும். விரலாக இருந்தால்?

பக்கெட் கீழே!

எதைத் தொடுவதற்கு முன்பும் எந்திரத்தைச் சமதரையில் நிறுத்த வேண்டும். முன் பக்கெட், பின் பக்கெட் இரண்டையும் தரையில் இறக்கிவிட வேண்டும். கைப் பிரேக்கைப் போட்டு, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. தூக்கி நிற்கும் பக்கெட்டை எண்ணெய்தான் தாங்குகிறது. அந்த எண்ணெயை அடைத்து வைத்திருப்பது வால்வு. சில எந்திரங்களில் லீவரில் இருந்து வால்வு வரைக்கும் கேபிள்தான் போகிறது. அந்தக் கேபிளைக் கழற்றும்போது வால்வு சிறிது அசைந்தால் போதும். பக்கெட் அப்படியே இறங்கிவிடும். எஞ்சின் ஓட வேண்டும் என்பதே இல்லை. கீழே குனிந்திருப்பவர் பிழைப்பது கஷ்டம்.

குறை எங்கே?

கேபிளை வாங்க ஓடுவதற்கு முன்பு, அதன் இரண்டு முனைகளையும் கழற்றுங்கள். கையால் கம்பியை இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு ஓடினால் கேபிளில் குறை இல்லை. மிதியின் பின்னில் அழுக்கு இருக்கலாம். பம்பின் லீவர் இறுகியிருக்கலாம். கையால் இழுத்தாலும் முரண்டு பிடித்தால், அப்போது கேபிள்தான் குற்றவாளி.

ஐந்து நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் நல்ல கேபிளைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

உறைக்குள் பிளாஸ்டிக் பூச்சு இல்லாத சாதாரணக் கேபிளாக இருந்து, அறுந்த புரி ஒன்றும் இல்லாவிட்டால், எண்ணெய் விட்டுப் பார்க்கலாம். கேபிளைச் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். மேல் முனையில் பிளாஸ்டிக் காகிதத்தைக் கூம்பு போலச் சுற்றி இறுகக் கட்டுங்கள். அதில் மெல்லிய எண்ணெயை ஊற்றிக் கம்பியை மேலும் கீழும் அசையுங்கள். முதலில் கறுப்பும் துருவுமாக வடியும். சுத்தமான எண்ணெய் கீழே சொட்டும் வரையில் விட வேண்டும். கிரீஸ் வேண்டாம். அது புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பிளாஸ்டிக் பூச்சு உள்ள கேபிள் வேறு. தள்ளவும் இழுக்கவும் பயன்படும் கனத்த கேபிள்கள் பெரும்பாலும் அந்த வகைதான். அவற்றை முனையில் ரப்பர் போட்டு மூடி இருப்பார்கள். அதற்கு எண்ணெய் விடுவது வீண். ரப்பர் கிழிந்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கும். மாற்றிவிடுவதே நல்லது.

பற்ற வைக்கலாமா?

பாதியில் அறுந்த கம்பியை முடிச்சுப் போடுவதும் ஈயம் வைத்து ஒட்டுவதும் நிற்காது. ஒட்டிய இடம் தடித்துவிடும்; உறைக்குள் ஓடாது. வேலைக்கு நடுவில் விட்டுவிடும். புதுக் கேபிள்தான் வழி.

கடைக்குப் பழைய கேபிளையே எடுத்துப் போவது நல்லது. மொத்த நீளம் மட்டும் பார்த்தால் போதாது. உள்கம்பி எவ்வளவு தூரம் ஓடுகிறது, முனை மரை எந்த அளவு என்பதும் ஒத்திருக்க வேண்டும்.

பழையதை உருவும்போது அதன் முனையில் ஒரு நீளமான கயிற்றைக் கட்டிவிடுங்கள். கேபிள் வெளியே வரும். கயிறு உள்ளே தங்கும். அந்தக் கயிற்றில் புதுக் கேபிளைக் கட்டி இழுத்தால், அது பழைய வழியிலேயே போய்ச் சேரும். புகைக்குழாய்க்கு அருகில் போகவிடாதீர்கள். சூட்டில் உறை உருகும். வளைவு அகலமாக இருக்கட்டும். ஒடித்த குச்சி போல மடங்கினால் புதுக் கேபிளும் பழைய கேபிள்தான்.

மிதியை முழுவதும் அமுக்கும்போது பம்பின் லீவர் தன் எல்லையைத் தொட வேண்டும். அதற்கு மேல் கம்பி இழுபடக் கூடாது. மிதியின் அடியில் இருக்கும் தடுப்புத் திருகுதான் காலின் பலத்தைத் தாங்க வேண்டும். கம்பி தாங்கக் கூடாது. காலை எடுத்ததும் கம்பி சிறிது தளர்ந்திருக்க வேண்டும்.

நிறுத்தும் கம்பி

பழைய டீசல் எஞ்சின்களில் இன்னொரு கேபிள் உண்டு. எஞ்சினை நிறுத்துவதற்காக இழுக்கும் கைப்பிடியில் இருந்து அது போகிறது. பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறியை நிறுத்தினால் எஞ்சின் நின்றுவிடும். டீசலில் தீப்பொறியே கிடையாது. நசுங்கிய காற்றின் சூட்டில்தான் டீசல் எரிகிறது. டீசலை அடைத்தால்தான் எஞ்சின் நிற்கும். அந்தக் கேபிள் அறுந்துவிட்டால், சாவியை எடுத்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும்!

அப்போது பம்பில் இருக்கும் நிறுத்து லீவரைக் கையால் தள்ள வேண்டும். அது எங்கே இருக்கிறது என்பதை, எஞ்சின் ஓடாத நேரத்தில், டிரைவரும் உதவியாளரும் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பக்கத்திலேயே விசிறி சுற்றும். தளர்ந்த சட்டையும் துண்டும் அங்கே ஆகாது.

எல்லாம் மாட்டி முடிந்ததும், எஞ்சினைப் போடாமலே ஒருவர் மிதிக்க, மற்றவர் பம்ப் லீவரைப் பார்க்க வேண்டும். பத்து முறை மிதித்தால் பத்து முறையும் லீவர் தானாகத் திரும்ப வேண்டும். பிறகு எஞ்சினைப் போட்டு, உடனே ஒரு முறை நிறுத்திப் பார்க்க வேண்டும். அது நின்ற பிறகுதான் பக்கெட்டைத் தூக்கலாம்.