தீர்த்தமும் தெய்வமும்: குற்றால அருவி வழிபாடு – ஓர் ஒப்பீட்டு நோக்கு

அருவி, ஆறு, சுனை சார்ந்த வழிபாடுகள் அனைத்தையும் ‘நீர்த்தெய்வ வழிபாடு’ என ஒரே வகையுள் அடக்கும் போக்கு ஆய்வுலகில் உண்டு. அவ்வகைப்பாடு குற்றாலத்திற்குப் பொருந்துமா என்பதை, சப்பானிய சிந்தோ மரபின் நாச்சி அருவியோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

நாச்சியில் 133 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவியே தெய்வத்தின் திருமேனி. அங்குள்ள ஹிரோ ஆலயத்தில், தெய்வம் உறையும் கருவறைக் கட்டடம் இல்லை. அடியவர் அருவியை எதிர்நோக்கி நின்று வணங்குகின்றனர்.

குற்றாலத்தின் அமைப்பு வேறு. சிற்றாற்று நீர் பொங்குமாங்கடல் என்னும் பாறைப்பள்ளத்தில் வீழ்ந்து, வேகம் தணிந்து பேரருவியாக இறங்குகிறது. அருவிப் பாறையில் சிவலிங்கங்கள் பல செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின்மேல் வழியும் நீர் இயற்கைத் திருமஞ்சனமாகிறது. அதே நீரில் அடியவரும் ஆடுகின்றனர். பின்னர் அருகிலுள்ள குற்றாலநாதர் கோயிலுக்குச் செல்கின்றனர். எனவே இங்கு நீர் வழிபடப்படும் தெய்வமாக அன்றி, தெய்வத்தை ஆட்டுவதும் அடியவரைத் தூய்மை செய்வதுமாகிய தீர்த்தமாக நிற்கிறது. மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் சைவ மரபின் முப்பகுப்பு இவ்வுறவைத் தெளிவாக விளக்குகிறது.

நீராடல் மட்டுமே இவ்வேறுபாட்டிற்குக் காரணமன்று. அருவியின்கீழ் நின்று தூய்மை பெறும் மிசோகி என்னும் சடங்கு சிந்தோ மரபிலும் உண்டு. தெய்வத்தோடு நீர் கொண்டுள்ள உறவே இரண்டையும் வேறுபடுத்துகிறது.

செண்பகாதேவி அருவியருகே அம்மனுக்குத் தனிக்கோயில் இருப்பதை மறுப்பாகக் காட்டலாம். ஆயினும் அப்பெயர் நீரைச் சுட்டாது செண்பக மரத்தைச் சுட்டுகிறது. திருஞானசம்பந்தர் பாடிய இரு பதிகங்களுள் ஒன்றும் குறும்பலா என்னும் தலமரத்தின் பெயரிலேயே வழங்குகிறது. இவ்விடங்களில் தெய்வத்திற்கும் தலத்திற்கும் பெயர் தந்தது மரமே எனலாம்.

இவ்வேறுபாடு சொல்லளவில் முடிவதன்று. தென்மேற்குப் பருவமழை குன்றும்போது கோயிற்பூசை தொடர்கிறது. பாறை லிங்கங்களின் திருமஞ்சனமோ நின்றுவிடுகிறது. ஆகவே குற்றால வழிபாட்டின் ஒரு பகுதி, மலைக்காட்டின் நீர்வளத்தைச் சார்ந்தே உயிர்த்திருக்கிறது. கோயிற் கட்டடத்தையும் கல்வெட்டையும் மட்டும் ஆவணப்படுத்தும் ஆய்வு இப்பகுதியைத் தவறவிடும். அருவிப் பாறையையும் அதன் நீர்வழியையும் வழிபாட்டிடத்தின் உறுப்புகளாகவே கொண்டு பதிவுசெய்தல் வேண்டும்.