‘கேஸ்ட்ரிக்’ என்று ஒதுக்கும் முன்

நள்ளிரவிலும் நாசி கண்டார் கிடைக்கிற பினாங்கில், வயிற்றில் எரிச்சலோ உப்புசமோ கண்டவுடன் அதற்குக் ‘கேஸ்ட்ரிக்’ என்று பெயரிட்டு, ஓமநீரோ இஞ்சிக் கஷாயமோ அருந்தி, அது தணிந்ததும் அந்த விஷயத்தையே மறந்துவிடுவது நம்மவர் வழக்கம். உண்ட மிகுதியால் வந்த அஜீரணமாயின் இதனால் கெடுதியில்லை. ஓரிரு நாளில் தானே அடங்கிவிடும். வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும் வலிக்கும் அதே பெயரைச் சூட்டி, வைத்தியரிடம் போவதை ஒத்திப்போடுவதில்தான் அபாயம் இருக்கிறது.

இரைப்பைப் புண்ணுக்குக் காரமும் கவலையுமே காரணம் என்று பலரும் நம்பியிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து மருத்துவர்களான பேரி மார்ஷலும் ராபின் வாரனும், அதற்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியே பெரும்பாலும் காரணம் என்று நிரூபித்து, 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மலேசியாவில் நடந்த ஆராய்ச்சிகளில், இக்கிருமி மலாய்க்காரரைவிட இந்தியரிடமும் சீனரிடமும் மிகுதியாகக் காணப்பட்டிருக்கிறது. மூச்சுப் பரிசோதனையால் அறிந்து, ஏறக்குறைய இரண்டு வார மருந்தால் பெரும்பாலும் ஒழித்துவிடக்கூடிய ஒன்றை, ஓமநீரால் ஆண்டுக்கணக்கில் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பது நியாயமாகுமா?

காரணமின்றி உடல் இளைத்தல், உணவு விழுங்கச் சிரமம், ரத்தசோகை, மஞ்சள் காமாலை, மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கு அல்லது புதிதாக வந்த மலச்சிக்கல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் தாமதமின்றி வைத்தியரைக் காணவேண்டும். ரத்த வாந்தி, தார்போன்ற கருமலம், தொப்புளருகே தொடங்கி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கும் வலி ஆகியவை ஒரு நாளும் பொறுக்கத்தக்கவை அல்ல. ஜாலான் ரெசிடென்சியிலுள்ள பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு அன்றே செல்லவேண்டும். மேல்வயிற்று வலியோடு வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால், அது வயிற்றுக் கோளாறாக இல்லாமல் மாரடைப்பாகவும் இருக்கலாம். உடனே 999-ஐ அழைக்கவேண்டும்.

மலத்தில் ரத்தம் கண்டால் ‘மூலம்தானே’ என்று தேற்றிக்கொள்வதும், அதைப்பற்றிப் பேசுவதே அநாகரிகம் என்று கூசுவதும் இன்னொரு பிழை. பெருங்குடல் புற்றுநோய் இந்நாட்டின் முக்கியப் புற்றுநோய்களுள் ஒன்று. நோயாளிகளுள் பெரும்பாலோர் முற்றிய நிலையில்தான் சிகிச்சைக்கு வருகிறார்கள். ஆரம்பத்திலேயே கண்டால் குணப்படுத்தத்தக்க வியாதி அது. கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தையும் காட்டிவிடும் எளிய மலப் பரிசோதனை, ஐம்பது வயது கடந்தோருக்கு அரசாங்கக் கிளினிக்குகளில் செய்யப்படுகிறது. உங்கள் வீட்டில் அந்த வயதை எட்டிய தாய் தந்தையர் இருந்தால், கூச்சத்தை ஒதுக்கி, இந்த வாரமே அவர்களை அழைத்துச் செல்லுங்கள்.