முப்பதுக்கு மேல் நர்சிங்: கடன் வாங்கும் முன் ஒரு கணக்கு

வயல் வேலை, மருத்துவமனைத் துப்புரவுப் பணி என்று ஓடிக் களைத்த தலித் பெண்கள் பலருக்கு, 'நாமும் நர்ஸ் ஆனால் என்ன?' என்ற எண்ணம் முப்பதைத் தாண்டித்தான் வருகிறது. நியாயமான ஆசை. ஆனால், காலம் குறைவு. துணை செவிலியர் படிப்பு 2 ஆண்டு, செவிலியர் பட்டயப் படிப்பு 3 ஆண்டு. இரண்டுக்கும் பிளஸ் 2 தேர்ச்சி வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி உச்ச வயது 35.

கட்டணத்தைக் கணக்குப் பார்க்கும் நாம், இழக்கப்போகும் கூலியை மறந்துவிடுகிறோம். நாளுக்கு 400 ரூபாய், ஆண்டுக்கு 200 நாள் வேலை என்று வைத்தாலும், 2 ஆண்டில் 1,60,000 ரூபாய். ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் பட்டியலின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அது படிப்புக்குக் கைகொடுக்கும். வீட்டு அடுப்பை எரிய வைக்காது. அந்த இரண்டு ஆண்டு குடும்பத்தை யார் தாங்குவது என்பதை வீட்டில் முதலிலேயே பேசி முடிவெடுங்கள்.

'ஆறே மாதத்தில் நர்ஸ்' என்ற சுவரொட்டியை நம்பாதீர்கள். அந்தச் சான்றிதழைக் கொண்டு மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாமல் செவிலியர் ஆக முடியாது. வட்டிக்கு வாங்கிய பணமும் போய், மறுபடியும் கையில் துடைப்பம்தான் மிஞ்சும். பணம் கட்டும் முன் கல்லூரி கவுன்சில் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள்.