உப்பின் மேல் விழும் ஹேம்லட்டின் நிழல்: நளினி மலானியின் 'வீடியோ நாடகம்' கேட்கும் கேள்வி என்ன?

ஹைதராபாத்: ஷேக்ஸ்பியரின் 'ஹேம்லட்' கதையைத் திரையில் காண விரும்புவோருக்கு வழிகள் பல உண்டு. ஆனால், இந்தியக் கலைஞர் நளினி மலானி 2000ஆம் ஆண்டில் உருவாக்கிய 'ஹேம்லட்மெஷின்' படைப்பைத் திரையரங்கில் காண இயலாது. அருங்காட்சியகங்களுக்காகவும் கலைக்கூடங்களுக்காகவும் உருவாக்கப்பட்ட, சுமார் 20 நிமிடங்கள் ஓடும் காணொளிப் படைப்பு இது. நாடகத்தை ஏன் மேடையிலிருந்து கலைக்கூடத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்ற கேள்விக்கான விடை, இந்தியாவின் அண்மை வரலாற்றோடு பிணைந்துள்ளது.

யார் இந்த நளினி மலானி?

1946ஆம் ஆண்டு கராச்சியில் பிறந்தவர் நளினி மலானி. நாட்டுப் பிரிவினை அவரது குடும்பத்தை இந்தியாவுக்கு இடம்பெயரச் செய்தது. மும்பை ஜே.ஜே. கலைக் கல்லூரியில் ஓவியம் பயின்ற அவர், 1969ஆம் ஆண்டிலேயே குறும்படங்களை எடுக்கத் தொடங்கினார். பெண்கள் கேமராவைக் கையாள்வது அரிதாக இருந்த காலம் அது. பின்னாளில் நாடகமும் ஓவியமும் காணொளியும் கலந்த படைப்புகளை உருவாக்கி, அவற்றை 'வீடியோ நாடகம்' என்று அழைத்தார். 2023ஆம் ஆண்டு ஜப்பானின் கியோட்டோ பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

மூல நாடகம் எது?

இப்படைப்புக்கு நேரடி மூலம் ஷேக்ஸ்பியர் அல்ல. கிழக்கு ஜெர்மனி நாடகாசிரியர் ஹெய்னர் முல்லர் 1977இல் எழுதிய 'ஹேம்லட்மெஷின்' என்ற நாடகமே அதன் அடித்தளம். ஐந்து பகுதிகளைக் கொண்ட அந்நாடகம் சில பக்கங்களில் முடிந்துவிடும். தந்தையைக் கொன்றவனைப் பழிவாங்கத் தயங்கும் இளவரசனின் கதையை, 1956 ஹங்கேரி எழுச்சியின் பின்னணியில் வைத்துப் பார்த்தார் முல்லர். தெருவில் மக்கள் திரளும்போது, படித்தவன் எந்தப் பக்கம் நிற்பான் என்பதே அவர் எழுப்பிய வினா.

ஷேக்ஸ்பியரின் ஒபீலியா நீரில் மூழ்கி இறக்கிறாள். முல்லரின் ஒபீலியா அந்த முடிவை ஏற்க மறுக்கிறாள். இறுதிக் காட்சியில் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் அவளை ஆண்கள் துணியால் சுற்றிக் கட்டுகின்றனர். அப்போதும் அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள். கிழக்கு ஜெர்மனியில் நெடுங்காலம் மேடையேறாத இந்நாடகத்தை, பெர்லின் சுவர் வீழ்ந்த பின்னர் 1990இல் முல்லரே 'ஹேம்லட்' நாடகத்துடன் இணைத்து இயக்கினார்.

இந்தியாவுக்கு என்ன தொடர்பு?

1992 டிசம்பர் 6ஆம் தேதி அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து மும்பையில் கலவரங்கள் மூண்டன. அந்நகரில் வாழ்ந்து வந்த மலானியின் கலையில் இந்நிகழ்வுகள் ஆழமாகப் பதிந்தன. வன்முறை கண்ணெதிரே நிகழும்போது முடிவெடுக்காமல் நிற்கும் ஹேம்லட், அவரது பார்வையில் டென்மார்க் இளவரசனாக மட்டும் இருக்கவில்லை. பிரிவினையின் காயத்தை அறிந்த குடும்பத்தில் வளர்ந்தவருக்கு, அந்தத் தயக்கத்தின் விலை என்னவென்று தெரிந்திருந்தது.

படைப்பு எப்படி இயங்குகிறது?

ஜப்பானின் ஃபுகுவோகா ஆசியக் கலை அருங்காட்சியகத்தில் தங்கிப் பணியாற்றியபோது மலானி இதனை உருவாக்கினார். ஜப்பானின் 'பூட்டோ' நடன மரபைச் சேர்ந்த ஹரடா நொபுவோ இதில் பங்கேற்றார். நடனக் கலைஞரின் உடலையே திரையாக்கி, அதன் மீது காட்சிகள் பாய்ச்சப்படுகின்றன. வரலாறு ஒரு மனித உடலின் மீது எழுதப்படுவதைப் பார்வையாளர் காண்கிறார்.

மூன்று சுவர்களில் மூன்று காட்சிகள் ஓட, நான்காவது காட்சி தரையில் பரப்பப்பட்ட உப்பின் மீது விழுகிறது. உப்பு என்றதும் இந்தியர்களுக்கு 1930ஆம் ஆண்டின் தண்டி யாத்திரை நினைவுக்கு வரும். அகிம்சையின் அடையாளமான அதே பொருளின் மீது வன்முறையின் பிம்பங்கள் அசைவது, சொல்லின்றியே பொருள் தருகிறது.

மேடை நாடகத்தில் பார்வையாளர் இருளில் அமர்ந்து, எதிரே நடப்பதைக் காண்கிறார். இங்கு காட்சிகள் அவரைச் சூழ்ந்துகொள்கின்றன. நான்கையும் ஒரே நேரத்தில் காண முடியாது என்பதால், எதைப் பார்ப்பது, எதற்கு முதுகைக் காட்டுவது என்று அவரே முடிவு செய்ய வேண்டும். ஹேம்லட்டின் சிக்கல் அந்தக் கணத்தில் பார்வையாளரின் சிக்கலாகிவிடுகிறது.

தமிழுக்குப் புதியவரல்ல ஹேம்லட்

பம்மல் சம்பந்த முதலியார் இந்நாடகத்தை 'அமலாதித்யன்' எனத் தமிழில் தழுவி எழுதினார். 'ராஜபார்ட் ரங்கதுரை' (1973) திரைப்படத்தில் சிவாஜி கணேசன் ஹேம்லட்டாகத் தோன்றிய காட்சியைப் பலரும் அறிவர். விஷால் பரத்வாஜின் 'ஹைதர்' (2014) அதே கதையைக் காஷ்மீரில் நிகழ்த்திக் காட்டியது. அவை கதையை நம் மண்ணுக்குக் கொண்டு வந்தன. மலானியோ கதையைக் களைந்துவிட்டு, தயக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

இத்தகைய படைப்புகளுக்கு ஒரு வரம்பும் உண்டு. கண்காட்சி முடிந்ததும் அவை கழற்றி வைக்கப்படுகின்றன. அடுத்த கண்காட்சி வரை புகைப்படங்களிலும் கட்டுரைகளிலுமே வாழ்கின்றன. மும்பையின் காயத்திலிருந்து பிறந்த ஒரு படைப்பைக் காண, அந்தக் காயத்தைச் சுமந்த மக்களுக்கே வாய்ப்பு அரிது. அருங்காட்சியகங்கள் இவற்றைப் பெருநகரங்களுக்கு வெளியேயும் கொண்டு சென்றால்தான், மலானி எழுப்பிய கேள்வி உரியவர்களைச் சென்றடையும்.